சான்டா மோனிகாவோட ஞாயிற்றுக்கிழமை சந்தை: நாலு கோடு போட்ட கதை (ஒரு நிகழ்வு ஆய்வு)

ஏரியாவுல வார இறுதிக்கு ஒரு உழவர் சந்தை போடலாம்னு யாராவது ஆரம்பிச்சா முதல்ல பேசுறது பாட்டுக்கு யாரை கூப்பிடலாம், குழந்தைங்களுக்கு என்ன வைக்கலாம், கையால செஞ்ச பொருள் விக்கிறவங்க எத்தனை பேர் வருவாங்கன்னுதான். காய்கறிக்காரர் எப்படியும் வந்துடுவார்னு ஒரு நினைப்பு. ரெண்டு மூணு சீசன் கழிச்சு அதே இடத்துக்கு போய் பாத்தா சோப்பு இருக்கும், மெழுகுவர்த்தி இருக்கும், முகத்துல பெயிண்ட் அடிக்கிறவங்க முன்னாடி வரிசை நிக்கும், காய்கறிக்காரர் மட்டும் இருக்க மாட்டார். அவரை யாரும் போக சொல்லிருக்க மாட்டாங்க. வித்தது வண்டி டீசலுக்கு கட்டல, அதனால வரல, அவ்ளோதான்.

இப்படி ஆகாம தாக்குப்பிடிச்ச ஒரு கேஸை எடுத்து பாக்கலாம்னு தேடினப்போ எனக்கு சரியா பட்டது கலிஃபோர்னியால இருக்கிற சான்டா மோனிகா. அங்க எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு சொல்ல வரல. சொல்லப்போனா உழவர் சந்தை வரலாற்றுலயே ரொம்ப மோசமான விபத்து ஒண்ணு நடந்ததே அந்த ஊர்லதான், அதுக்கு பின்னாடி வருவோம். ஒரு சந்தைக்கு என்னென்ன எல்லைக்கோடு போடணும், போடலன்னா என்ன ஆகும்னு ஒரே ஊரை வச்சு புரிஞ்சுக்க முடியுது, அதுக்காகத்தான் எடுத்தேன்.

ஊரும் சந்தையும்

சான்டா மோனிகா லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேற்கால பசிபிக் கடலை ஒட்டி இருக்கிற சின்ன ஊர், சுமார் 8 சதுர மைல், மக்கள் ஒரு 90,000 பேர். ஊருக்குள்ள வயல்னு ஒண்ணும் கிடையாது, விக்கிற விவசாயிங்க அத்தனை பேரும் வெளிய இருந்து வண்டி கட்டிட்டு வர்றவங்க, பக்கத்துல வென்சுரா கவுன்டியில (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) இருந்து வர்றவங்களும் உண்டு, மலை தாண்டி உள்நாட்டு பள்ளத்தாக்குல இருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி மணிக்கணக்கா ஓட்டிட்டு வர்றவங்களும் உண்டு. இதை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அவ்ளோ தூரம் வர்ற ஆளுக்கு ஒரு நாள் வியாபாரம் படுத்தா அடுத்த வாரம் வர்றதா வேண்டாமான்னு யோசிக்க வேண்டியிருக்கும்.

கலிஃபோர்னியாவுல 1977க்கு முன்னாடி விவசாயி தன்னோட பழத்தை நேரா மக்கள்கிட்ட விக்கிறது லேசான விஷயம் இல்ல. இந்த சைஸ்ல இருக்கணும், இந்த மாதிரி பெட்டியில அடுக்கணும், இப்படி லேபிள் ஒட்டணும்னு ஸ்டாண்டர்ட் விதிகள் இருந்துச்சு. மொத்த வியாபாரத்துக்காக போட்ட விதி, சின்ன விவசாயிக்கு அதுவே பூட்டா ஆயிடுச்சு. 1977ல மாநில அரசு இந்த விதியில ஒரு கதவை திறந்து விட்டுச்சு: அங்கீகாரம் வாங்கின சந்தையில, தானே விளைவிச்சதை தானே விக்கிற விவசாயிக்கு அந்த பெட்டி, சைஸ் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம்னு. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கார்டினாவுல 1979ல ஒரு சந்தை வந்துச்சு, சான்டா மோனிகாவுல 1981ல அரிசோனா அவென்யூங்கிற தெருவை புதன்கிழமை புதன்கிழமை மூடி ஆரம்பிச்சாங்க. அப்ப மேயரா இருந்த ரூத் யன்னாட்டா கோல்ட்வே இதுக்கு முன்ன நின்னவங்க. டவுன்டவுன் அந்த காலத்துல களை இழந்து கிடந்துச்சு, சந்தை வந்தா ஆள் நடமாட்டம் வரும்னு ஒரு கணக்கும் இருந்துச்சு.

முக்கியமான விஷயம், சந்தையை நடத்துறது நகராட்சியே. சங்கமோ தனியார் கம்பெனியோ இல்ல. புதன்ல ஆரம்பிச்சது பின்னாடி சனிக்கிழமை ரெண்டு இடத்துல வந்து, 1995ல ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்ட்ரீட்ல ஒண்ணு வந்து, வாரத்துக்கு நாலு சந்தைன்னு ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம். புதன்கிழமை சந்தைக்கு ரெஸ்டாரன்ட் சமையல்காரங்க தள்ளுவண்டியோட வந்து பெட்டி பெட்டியா அள்ளிட்டு போவாங்க. ஞாயிறு சந்தை அதுக்கு நேர் எதிர், குடும்பத்துக்காகவே அமைஞ்ச சந்தை. பழைய விக்டோரியன் காலத்து வீட்டுக்கு பக்கத்துல இருக்கிற பார்க்கிங் இடத்துல காலையில 8:30ல இருந்து மதியம் 1:30 வரைக்கும், பாட்டு, சுடச்சுட சாப்பாடு, ஏரியா ஆளுங்க செய்ற பொருள், புல்லுல உக்காந்து சாப்பிடுற குடும்பங்க, சைக்கிளை வாங்கி பத்திரமா வச்சு திருப்பி தர்ற இலவச சைக்கிள் வேலே. நாம ஆசைப்படுறது இந்த மாதிரி சந்தைக்குத்தான்.

முதல் கோடு: யார் விளைவிச்சது

இது தெரியாம சந்தை ஆரம்பிக்கவே கூடாது. கலிஃபோர்னியாவுல விவசாயி விக்கணும்னா அவர் கவுன்டியோட வேளாண் ஆணையர் ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் வாங்கணும். அதுல என்ன பயிர், எவ்ளோ நிலம், எந்த மாசத்துல அறுவடை, தோராயமா எவ்ளோ வரும்னு எல்லாம் இருக்கும், அதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் நிலத்துக்கு வந்து பாப்பார். சந்தையில அந்த சான்றிதழை கடையில மாட்டி வைக்கணும். கூட சந்தை மேனேஜர்கிட்ட ஒரு லோட் ஷீட், இன்னைக்கு என்னென்ன எவ்ளோ கொண்டு வந்தேன்னு. இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாலே முக்கால்வாசி திருட்டு தெரிஞ்சிடும். அரை ஏக்கர்ல போட்டதா எழுதின பயிரை வாரத்துக்கு நாலு சந்தையில மலை மாதிரி குவிச்சிருந்தா எங்கயோ இடிக்குதுல்ல.

இன்னொரு விவசாயியோட விளைச்சலை சேத்து விக்கவும் சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அதுக்கும் எண்ணிக்கை வரம்பு, அவங்களும் சான்றிதழ் வச்சிருக்கணும், யாரோடதுன்னு எழுதி வைக்கணும். எனக்கு இது நல்ல ஏற்பாடா படுது. பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட நாலு மரம் இருக்கு, அவங்களால வந்து நிக்க முடியாது, அதுக்காக அந்த பழம் வீணா போகணுமா?

பேப்பர் இருந்தா மட்டும் பத்தாதுன்னு 2010ல தெரிஞ்சுது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து சந்தைகள்ல ஒரு டிவி சேனல் மறைஞ்சு கேமரா வச்சு பாத்தப்போ, சில கடைக்காரங்க மொத்த மார்க்கெட்ல வாங்கின சரக்கை சொந்த நிலத்துல விளைஞ்சதுன்னு சொல்லி வித்தது வெளிய வந்துச்சு, அவங்க சொன்ன நிலத்துக்கு போய் பாத்தா சொன்ன பயிரே இல்ல. இதுல யாருக்கு அடின்னா, வாங்குறவங்களை விட பக்கத்து கடை விவசாயிக்குத்தான். அவர் விளைவிக்கிற செலவை போட்டு விலை சொல்றார், இவர் மொத்த மார்க்கெட் விலைக்கு மேல கொஞ்சம் வச்சு சொல்றார், கூட்டம் எங்க போகும்? நேர்மையா இருந்தவர் போட்டியில தோத்து சந்தையை விட்டு போவார், மிச்சம் இருக்கிறது மறுவிற்பனைக்காரங்க மட்டும்.

அதுக்கப்புறம் ஏபி 1871ங்கிற சட்டம் 2014ல நிறைவேறி 2015 ஜனவரி 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. கடைக்கு ஒரு சந்தை நாளுக்கு மாநிலத்துக்கு கட்டுற கட்டணம் 60 சென்ட்ல இருந்து 2 டாலர் ஆச்சு, அந்த காசு இன்ஸ்பெக்ஷனுக்கு. ஒவ்வொரு கடையிலயும் பண்ணை பேரு, எந்த கவுன்டி, கூட "நாங்க விக்கிறதை நாங்களே விளைவிக்கிறோம்"னு அர்த்தம் வர்ற ஒரு வாசகம், இதெல்லாம் எழுதி வைக்கணும். பொய்யா எழுதினா கிரிமினல் குற்றம். கட்டணத்தை ஏத்துறாங்கன்னா விவசாயிங்க எதிர்த்திருப்பாங்கன்னுதான் நான் முதல்ல நினைச்சேன், ஆனா அந்த 2 டாலரை யோசிச்சு பாருங்க, போலியை வெளிய வைக்க வாட்ச்மேனுக்கு குடுக்கிற காசு மாதிரி அது, நேர்மையா விக்கிறவருக்கு லாபம்தான்.

ரெண்டாவது கோடு: கையால செய்றவங்க எங்க உக்காரணும்

மேக்கர்ஸ் வேண்டாம்னு நான் சொல்லல, அவங்க இல்லாத சந்தை கொஞ்சம் வறண்டுதான் கிடக்கும். ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு மெழுகுவர்த்தி கெட்டுப்போகாது, இன்னைக்கு விக்கலன்னா அடுத்த வாரம் விக்கலாம். கீரைக்கு மதியம் வரைக்கும்தான் உயிர். ரெண்டு பேருக்கும் ஒரே வாடகை, ஒரே இடம்னு வச்சா மெழுகுவர்த்திக்காரர் நிப்பார், கீரைக்காரர் நிக்க மாட்டார். ஸ்டால் வாடகையை நம்பி நடக்கிற சந்தைக்கு காலியான இடத்தை உடனே நிரப்பணும்னு தோணும், நிரப்ப வர்றவங்க எப்பவும் கைவினை ஆளுங்கதான், ஏன்னா அவங்க ஊருக்குள்ளயே இருக்காங்க, விவசாயி இல்ல.

கலிஃபோர்னியா இதை இடத்தை வச்சே தீத்திருக்கு. அங்கீகாரம் வாங்கின பகுதிக்குள்ள விளைபொருள் மட்டும். சாப்பாட்டு கடை, கைவினை, மத்த எல்லாமே பக்கத்துல தனியா ஒரு பகுதி. போறவங்களுக்கு ஒரே சந்தை மாதிரிதான் தெரியும், பேப்பர்ல ரெண்டு. பாக்க வெறும் நிர்வாக விஷயம் மாதிரி இருந்தாலும் இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கைவினை பகுதி எவ்ளோ பெருசானாலும் விவசாயியோட இடத்தை தின்ன முடியாது.

சியாட்டில்ல இருக்கிற பைக் பிளேஸ் மார்க்கெட் இன்னொரு வழி. 1907 ஆகஸ்ட் 17ல சில விவசாயிங்க வண்டியோட வந்து ஆரம்பிச்ச சந்தை, இடைத்தரகங்க வெங்காய விலையை ஏத்தி விட்டாங்கன்னு மக்கள் கொதிச்சப்போ நகராட்சி உறுப்பினர் ஒருத்தர் முன்ன நின்னு கொண்டு வந்தது, வந்த வண்டியில இருந்த சரக்கு அன்னைக்கே தீந்துடுச்சு. 1960கள்ல அதை இடிக்க திட்டம் போட்டாங்க, 1971 நவம்பர்ல ஊர் மக்கள் ஓட்டு போட்டு காப்பாத்தினாங்க. அங்க இப்ப விவசாயியும் கைவினை ஆளும் தினசரி மேசைகளை பகிர்ந்துக்கறாங்க, காலையில பேர் கூப்பிட்டு சீனியாரிட்டி பாத்து இடம் குடுப்பாங்க. கலந்து உக்காரலாம், ஆனா யாருக்கு முதல் உரிமைங்கிறது முன்னாடியே எழுதி வச்சாச்சு.

நியூயார்க்ல 1976 ஜூலைல பேரி பெனபியும் பாப் லூயிஸும் ஆரம்பிச்ச கிரீன்மார்க்கெட் மூணாவது வழி: கைவினைக்கு இடமே கிடையாது, விளைஞ்சதும் அதுல இருந்து செஞ்சதும் மட்டும். யூனியன் ஸ்கொயர்ல கைவினைக்காக வருஷ கடைசியில தனியா ஒரு சந்தை வேற ஆளுங்க நடத்துறாங்க. மூணுல எது சரின்னு கேட்டா, புதுசா ஆரம்பிக்கிற சின்ன ஏரியாவுக்கு கலிஃபோர்னியா வழிதான் ஒத்து வரும்னு நினைக்கிறேன், நியூயார்க் மாதிரி கண்டிப்பா இருக்கணும்னா அந்த அளவுக்கு கூட்டமும் வேணும்.

வீட்டு சமையல்கட்டுல செய்றவங்களை பத்தியும் ஒரு வார்த்தை. ஜாம், ரொட்டி, உலர்ந்த பழம் இப்படி சீக்கிரம் கெடாத பொருளை வீட்டுலயே செஞ்சு விக்க கலிஃபோர்னியா 2013ல இருந்து அனுமதிக்குது. ரெண்டு வகுப்பு. நேரா மக்கள்கிட்ட மட்டும் விக்கிறவங்க ஒரு செக்லிஸ்ட்டை பூர்த்தி பண்ணி ரெஜிஸ்டர் பண்ணா போதும், கடைகளுக்கும் குடுக்கணும்னா சமையல்கட்டை வந்து பாத்துட்டு பர்மிட் தருவாங்க. லேபிள்ல வீட்டு சமையல்கட்டுல செஞ்சதுன்னு பெருசா இருக்கணும். ஆரம்பத்துல வருஷத்துக்கு 35,000 டாலர் விற்பனைதான் உச்சவரம்பு, 2022ல முதல் வகுப்புக்கு 75,000, ரெண்டாவதுக்கு 150,000னு ஏத்தினாங்க. க்ரீம் வச்சது, இறைச்சி வச்சதெல்லாம் இதுல வராது. ஏரியா மேக்கர்ஸ்னு சும்மா சொல்றதுக்கும் இப்படி வரம்போட அவங்களை உள்ள கொண்டு வர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஒருத்தருக்கு வயித்து வலின்னு வந்தா அன்னைக்கு அந்த வித்தியாசம் புரியும்.

மூணாவது கோடு: குழந்தைங்களும் குதிரைங்களும்

ஞாயிறு சந்தையில வருஷக்கணக்கா குட்டி குதிரை சவாரி இருந்துச்சு, கூட ஆடு கோழியெல்லாம் தொட்டு பாக்குற இடமும். குழந்தைங்களுக்கு கொண்டாட்டம். கலிஃபோர்னியா உணவு சட்டப்படி சந்தையில உணவு வச்சிருக்கிற, விக்கிற இடத்துல இருந்து 20 அடிக்குள்ள உயிருள்ள விலங்கு இருக்கக்கூடாது, உதவி நாய்க்கு மட்டும் விலக்கு. அந்த தூர விதியால பிரச்சனை எதுவும் வரல. 2014ல பிரச்சனை வேற பக்கத்துல இருந்து வந்துச்சு. வட்டமா வட்டமா ஒரே கம்பத்தை சுத்தி நடக்க வைக்கிறது கொடுமைன்னு ஏரியா ஆளுங்களே பெட்டிஷன் போட்டாங்க. விலங்கு பாதுகாப்பு அதிகாரிங்க பாத்துட்டு விதிமீறல் எதுவும் இல்லன்னு சொன்னாங்க. இருந்தாலும் விஷயம் நகர மன்றத்துக்கு போய், ஒப்பந்தம் முடிஞ்சதும் விலங்கு இல்லாத வேற ஏதாவது வைக்கலாம்னு முடிவாச்சு, 2015ல சவாரி நின்னுச்சு. நடுவுல சவாரி நடத்தினவங்க பெட்டிஷன்காரங்க மேல அவதூறு கேஸ் போட்டாங்க, அது நிக்கல.

யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல போறதில்ல, ரெண்டு பக்கமும் கேக்க வேண்டிய பேச்சு இருந்துச்சு. நடத்துறவங்களுக்கு இதுல என்ன பாடம்னா, சட்டப்படி சரின்னு அதிகாரி சொன்னதுக்கப்புறமும் ஒரு ஆக்டிவிட்டி ஏரியாவை ரெண்டா பிரிக்க முடியும். அப்படி பிரிஞ்சா மாசக்கணக்கா எல்லாரும் பேசுறது குதிரையை பத்தி, விவசாயியை பத்தி ஒரு ஆள் பேச மாட்டார். குழந்தைங்களுக்காக எதை வச்சாலும் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி வைங்க, வெளிய வர ஒரு வழி இருக்கும்.

சரி, குழந்தைங்களுக்கு வேற என்ன வைக்கலாம்? நான் பாத்த வரைக்கும் புத்திசாலித்தனமானது ஆரிகன் மாநிலத்துல ஆரிகன் சிட்டி சந்தையில 2011ல ஆரம்பிச்ச பாப் கிளப். 5ல இருந்து 12 வயசு குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் 2 டாலர் டோக்கன். அந்த டோக்கனுக்கு காயோ பழமோ செடியோ மட்டும்தான் வாங்க முடியும், என்ன வாங்குறதுன்னு குழந்தையே முடிவு பண்ணும். அப்பா அம்மா பின்னாடி நிக்கணும், வாயை திறக்கக்கூடாது. பின்னாடி நிறைய சந்தைங்க இதை எடுத்துக்கிட்டாங்க. முகத்துல பெயிண்ட் அடிக்கிற காசு முகத்தோட போயிடுது, இந்த டோக்கன் காசு விவசாயி கைக்கு போகுது. அதுவும் இல்லாம தானா பேசி வாங்கின முள்ளங்கியை ஒரு குழந்தை வீட்டுக்கு போய் ஒரு கடியாவது கடிச்சு பாக்கும், நாம வாங்கி குடுத்தா அந்த கடியும் கிடையாது.

இடத்தை பத்தி ஒண்ணு. விளையாட்டு, பாட்டு இதெல்லாம் வாசல்ல வச்சா குடும்பம் வாசல்லயே நின்னுட்டு கிளம்பிடும். கடைசி கோடியில வச்சா காய்கறி வரிசையை தாண்டித்தான் போகணும், திரும்பி வர்றப்போ வாங்கிட்டு போவாங்க. பாதை ரெண்டு ஸ்ட்ரோலர் எதிரும் புதிருமா போற அகலம் இருக்கணும், இல்லன்னா ஒரு ஸ்ட்ரோலர் நின்னா மொத்த வரிசையும் நிக்கும். ஸ்பீக்கர் கடைப்பக்கம் பாத்து இருக்கவே கூடாது, கால் கிலோ எவ்ளோன்னு மூணு தடவை கத்தி கேட்டுட்டு நாலாவது தடவை கேக்காம போறவங்க எத்தனை பேர் தெரியுமா. அப்புறம் கனமான பொருளை தூக்கிட்டு யாரும் ஒரு மணி நேரம் பாட்டு கேக்க மாட்டாங்க. வாங்கினதை வச்சுட்டு போய் கடைசியில எடுத்துக்க ஒரு மேசை போட்டா விவசாயிக்கும் நல்லது, பாட்டுக்காரருக்கும் நல்லது. சைக்கிளை பத்திரமா பாத்துக்கறதும் இதே யோசனைதான், கையை காலியாக்கி விட்டா ஆளுங்க நின்னு நிதானமா இருப்பாங்க.

கழிப்பறை 200 அடி நடைக்குள்ள இருக்கணும், கை கழுவ தண்ணியோட. இது சட்டம். சின்ன பசங்களோட போனவங்களுக்கு சட்டம் தேவையே இல்ல.

நாலாவது கோடு: ரோடு

2003 ஜூலை 16, புதன்கிழமை. அரிசோனா அவென்யூவுல சந்தை முடிய போற நேரம், மதியம் ரெண்டு மணி ஆகல. 86 வயசு பெரியவர் ஒருத்தர் ஓட்டிட்டு வந்த 1992 மாடல் ப்யூக் கார் ஃபோர்த் ஸ்ட்ரீட் பக்கம் முன்னாடி நின்ன காரை இடிச்சுது. இடிச்சதும் நிக்கல, வேகம் எடுத்து, தெரு மூடியிருக்குன்னு வச்சிருந்த தடுப்பை தாண்டி கூட்டத்துக்குள்ள பாஞ்சுது. சுமார் 750 அடி. எல்லாம் சேத்து ஒரு பத்து நொடி பக்கம். 10 பேர் செத்துட்டாங்க, 63 பேருக்கு காயம்.

அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் விசாரிச்சு 2004 ஆகஸ்ட்ல அறிக்கை குடுத்துச்சு. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கார்னு அவங்க முடிவு, முதல்ல இடிச்ச பதட்டத்துல இன்னும் அழுத்தி மிதிச்சிருக்கார். 2006ல கோர்ட் அவரை குற்றவாளின்னு சொல்லி, வயசையும் உடம்பையும் பாத்து ஜெயிலுக்கு அனுப்பாம கண்காணிப்புல விட்டுச்சு. ஊர்ல எல்லாரும் பேசினது வயசானவங்க வண்டி ஓட்டலாமாங்கிறதை பத்தி, பேச வேண்டியதுதான். ஆனா சந்தை நடத்துறவங்க படிக்க வேண்டியது அறிக்கையோட இன்னொரு வரி: இவ்ளோ பேர் அடிபட்டதுக்கு, தடம் மாறி வர்ற வண்டியில இருந்து நடக்குறவங்களை காப்பாத்துற தடுப்பு அமைப்பு அங்க இல்லாததும் ஒரு காரணம்.

தடுப்புன்னு ஒண்ணு வச்சிருந்தாங்கதான். ஆனா தெரு மூடியிருக்கு, வேற பக்கம் போங்கன்னு ஓட்டுனருக்கு தகவல் சொல்றதுக்காக வைக்கிற ரகம் அது. படிச்சு திரும்பி போற ஓட்டுனருக்கு அது போதும். படிக்க முடியாத நிலையில வர்ற வண்டிக்கு அது ஒரு மரக்கட்டை. தகவல் சொல்ற தடுப்புக்கும் வண்டியை நிறுத்துற தடுப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அதுக்கு முன்னாடி எந்த ஊர் சந்தையிலயும் பெருசா யாரும் யோசிச்ச மாதிரி தெரியல, 20 வருஷத்துக்கு மேல புதன்கிழமை புதன்கிழமை ஒண்ணும் ஆகாம நடந்த சந்தை வேற. 2008ல நகராட்சி பாதிக்கப்பட்டவங்களுக்கு 21 மில்லியன் டாலர் குடுக்க சம்மதிச்சு வழக்குகளை முடிச்சுது.

தெருவை மூடாம பார்க்கிங்கிலயோ பூங்காவிலயோ போட்டா இந்த கவலை இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. பாதி உண்மை. ரோட்டை பாத்து திறந்திருக்கிற ஒவ்வொரு வாசலும் ஒரு கேள்விதான். விவசாயிங்களோட லாரியையே குறுக்க நிறுத்தி தடுப்பா பயன்படுத்துற சந்தைகளும் இருக்கு, காசு கம்மியா இருக்கிற சின்ன ஏரியாவுக்கு அது நல்ல வழி, ஆனா ஒரு விஷயம், எல்லாரும் கிளம்புற வரைக்கும் அந்த லாரி அசைய கூடாது, அதனால சீக்கிரம் கிளம்புற பழக்கம் உள்ளவரோட லாரியை அங்க நிறுத்தாதீங்க.

சந்தை நல்லா போகுதான்னு எப்படி தெரியும்

கூட்டம் நிறைய வந்துச்சுன்னு சொல்றது கணக்கு இல்ல. ஆரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 1990கள் கடைசியில ஒரு சுலபமான முறையை கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு மணி நேரத்துலயும் 10 நிமிஷம் மட்டும் எல்லா வாசல்லயும் உள்ள வர்ற பெரியவங்களை எண்ணணும், ஆறால பெருக்கணும், அந்த மணி நேரத்து கூட்டம் தோராயமா வந்துடும். கேள்விக்கு பேப்பரை நீட்டி பேனா குடுக்க வேண்டாம், அது யாருக்கும் பிடிக்காது. பெரிய சார்ட்டுல நாலு கேள்வி எழுதி ஸ்டாண்டுல மாட்டி, வர்றவங்க கையில வட்ட ஸ்டிக்கர் குடுத்துட்டா அவங்களே ஒட்டிட்டு போவாங்க. ஒவ்வொரு மணிக்கும் ஸ்டிக்கர் கலரை மாத்தினா எந்த நேரத்துக்கு யார் வர்றாங்கன்னும் தெரியும். குழந்தைங்க ஸ்டிக்கரை கேக்கும், அவங்களுக்கு தனியா ஒரு சார்ட் வைக்கலன்னா உங்க டேட்டா போச்சு.

அந்த நாலு கேள்வியில ஒண்ணு கட்டாயம் இப்படி இருக்கணும்: இன்னைக்கு நீங்க வந்ததுக்கு முக்கிய காரணம் என்ன, காயா, பாட்டா, குழந்தையா, கைவினையா. இன்னொண்ணு விவசாயிகிட்ட எவ்ளோ செலவு பண்ணீங்க, மத்தவங்ககிட்ட எவ்ளோன்னு. சீசனுக்கு ரெண்டு தடவை இதை பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. கூட்டம் ஏறுது, ஆனா விவசாயிகிட்ட போற காசு ஏறலன்னா பாட்டை நிறுத்த வேண்டாம், விளையாட்டை கடைசி கோடிக்கு நகத்துங்க, டோக்கன் ஆரம்பிங்க, மூணு கைவினை கடைக்கு அடுத்த சீசன்ல இடம் குடுக்காம இருங்க. விவசாயிகிட்ட நேரா போய் எப்படி போகுதுன்னு கேட்டா பரவால்லன்னுதான் சொல்வார், லோட் ஷீட்டை பாருங்க, போன மாசம் பத்து பெட்டி கொண்டு வந்தவர் இப்ப ஆறு கொண்டு வர்றார்னா அவர் சொல்லாததை அந்த ஷீட் சொல்லிடும்.

வசதி இல்லாதவங்களும் வாங்க முடியணும்ங்கிறது தனி தலைப்பு, இங்க சுருக்கமா விடுறேன். கலிஃபோர்னியாவுல அரசு உணவு உதவி கார்டை சந்தை ஆபீஸ் மேசையில தேய்ச்சா டோக்கன் குடுப்பாங்க, மார்க்கெட் மேட்ச்னு ஒரு திட்டத்துல ஒரு வரம்பு வரைக்கும் அதே தொகைக்கு கூடுதலா குடுப்பாங்க, அதுல காயும் பழமும் வாங்கிக்கலாம். விவசாயிக்கு விலையை குறைக்காம வாங்குறவருக்கு மட்டும் பாரத்தை குறைக்கிற வழி.

கடைசியா சந்தை முடியற நேரம். 1:30ன்னு எழுதியிருந்தா 1:20ல இருந்தே எல்லாருக்கும் அவசரம், தூரம் போகணும், வெயில் ஏறிடுச்சு, வண்டியை உள்ள கொண்டு வந்தா சீக்கிரம் ஏத்திடலாம். அந்த நேரத்துலதான் கடைசி நிமிஷ தள்ளுபடிக்கு வர்ற கூட்டமும், பாட்டு முடிஞ்சு ஓடி விளையாடுற பசங்களும், ரிவர்ஸ் எடுக்கிற லாரியும் ஒண்ணா சேருது. காலையில தடுப்பை வைக்க நாலு தன்னார்வலர் வருவாங்க, மதியம் எடுக்கிற வேலைக்கு ஒருத்தர்தான் மிஞ்சுவார். வேலை பட்டியல் போடுறப்போ அதை தலைகீழா போடுங்க, மதியத்துக்கு நாலு பேர். கடைசி வாடிக்கையாளர் வெளிய போயாச்சுன்னு மேனேஜர் ஒரு சுத்து நடந்து பாத்துட்டு விசில் ஊதுற வரைக்கும் ஒரு வண்டியும் ஸ்டார்ட் ஆகக்கூடாது, மேனேஜரோட சொந்த வண்டியும் சேத்துத்தான்.